ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

ஏப்ரல் 14 வந்தால் யாரைப் பேச அழைப்பது என்பதில் நம் அமைப்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஒரு பேராசிரியர், முடிவில் பறையிசை. அவர்கள் பேச்சில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் ஆயாக்களும் தாத்தாக்களும் கைதட்டுவார்களே தவிர, கேள்வி கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. இந்த ஆண்டு எங்கள் வாசிப்பு வட்டம் இரண்டு பேரை அழைத்தது. ஒருவர் முதுமையைப் பற்றி ஆய்வு செய்யும் தோழர். இன்னொருவர் ஸ்டாண்ட் அப் காமெடி செய்யும் தம்பி. இருவருமே சேரியில் பிறந்து வளர்ந்தவர்கள்.

"அண்ணல் பிறந்தநாள்ல சிரிப்பு எதுக்குப்பா?" என்றார்கள் மூத்த தோழர்கள். அவர்களுக்கு டிக் கிரகரியைப் பற்றிச் சொன்னோம். 1961இல் சிகாகோவில் வெள்ளையர்கள் நிறைந்த அரங்கில் நிறவெறியைக் கிண்டலடித்துப் பேர் வாங்கிய கறுப்பினக் கலைஞர். அடுத்த சில ஆண்டுகளில் சிவில் உரிமைப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்கும் போனார். தோழர்கள் அரைமனதோடு ஒப்புக்கொண்டார்கள். அரங்கம் கேட்ட கல்லூரியில்தான் சிக்கல். காமெடி செய்பவர் பேசப்போவதை முழுக்க எழுதி முன்கூட்டியே தர வேண்டுமாம். ஆய்வாளரிடம் அப்படிக் கேட்கவில்லை. சரிதான், எது ஆபத்தானது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! நிகழ்ச்சியைச் சேரியின் சமுதாயக் கூடத்துக்கே கொண்டு போனோம்.

ஆய்வாளர் தோழர் படக்காட்சி எதுவும் இல்லாமல் பேசினார். பீகார், உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட 9 மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வைச் சொன்னார். ஆதிக்கச் சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. பழங்குடியினருக்கு 4 ஆண்டுகளுக்கு மேல். வறுமைதான் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. பொருளாதார வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தாலும் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இல் கறுப்பினப் பெண்களை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். பாகுபாட்டை அன்றாடம் சமாளித்துச் சமாளித்தே உடல் முன்னதாகத் தேய்கிறது என்பது அது. தோழர் "தேய்மானம்" என்று சொன்னபோது முன்னால் இருந்த ஒருவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் ஓர் ஆயா எழுந்தார். "ஏம்மா, எனக்கு என்ன வயசுன்னு உன்னால சொல்ல முடியுமா? ஆதார்ல 56ன்னு வருதாம்."

தோழர் மைக்கை வைத்துவிட்டு ஆயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வெண்மணி எரிஞ்சப்ப எங்க இருந்தீங்க ஆயா?"

"பக்கத்துலதான். தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு நின்னேன். எல்லாரும் அழுதாங்க."

"அப்ப வயசுக்கு வந்துட்டீங்களா?"

"அது அப்புறம். ரெண்டு மூணு வருசம் இருக்கும்."

வெண்மணியில் 44 பேரை எரித்தது 1968 டிசம்பர் 25. அன்று தம்பியைத் தூக்கும் வயதென்றால் பத்துக்குப் பக்கம். இன்று 65ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆதார் கணக்குப்படி பார்த்தால், வெண்மணி எரிந்தபோது ஆயா பிறக்கவே இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் வயதை இப்படி ஊர் அறிந்த நிகழ்வுகளை வைத்துக் கணிப்பது கணக்கெடுப்பில் வழக்கமான முறைதான் என்றார் தோழர். ஆனால் அலுவலகத்தில் இந்தக் கணக்கு எடுபடுவதில்லை. முதியோர் உதவித்தொகைக்கு 60 ஆகியிருக்க வேண்டும். மாதம் 1,200 ரூபாய். ஆயா இரண்டு முறை மனு கொடுத்து, வயது போதாது என்று திரும்பி வந்தவர். நடவிலும் களையெடுப்பிலும் வளைந்த முதுகைப் பார்த்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்து மேடையேறிய தம்பி, தான் கொண்டுவந்ததை ஓரமாக வைத்துவிட்டார். "ஜனவரி 1ஆம் தேதி பொறந்தவங்க கையத் தூக்குங்க" என்றார். வருடம் மட்டும் சொன்னவர்களுக்கு ஆதாரில் விழுகிற தேதி அது. கூட்டத்தில் பாதிக் கை மேலே. "பாத்தீங்களா, ஊர்த்தெருவுல ஒருத்தர் பொறந்தநாளுக்கு அந்தத் தெருதான் வெடி போடும். நம்ம பொறந்தநாளுக்கு உலகமே போடுது!" ஆயா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்களுக்குத்தான் உடனே சிரிக்க வரவில்லை.

தலித் பேச்சாளர் என்றால் வலியைத்தான் பேச வேண்டும், தலித் பார்வையாளர் என்றால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நாமே பழக்கிவைத்திருக்கிறோம். கல்லூரிகளில் நிகழ்ச்சி நடத்தும் தம்பி தங்கைகள் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, பணம். இருவருக்கும் ஒரே தொகைதான் கொடுத்தோம். "உணர்வோடு வாங்க தோழர்" என்று கலைஞர்களைச் சும்மா கூப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உணர்வு பஸ் டிக்கெட் எடுக்காது.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போகிறோம். வெண்மணி, எம்.ஜி.ஆர். சுடப்பட்டது, எமர்ஜென்சி என்று எழுதிய ஒரு தாள் கையில் இருக்கிறது. எந்த நிகழ்வின்போது எத்தனை குழந்தைகள், முதல் கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதுகிறோம். இதுவரை பதினோரு பேர் தேறியிருக்கிறார்கள். அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று கேட்டு வரும் திங்கட்கிழமை முதலில் ஆயாவை அழைத்துப் போகிறோம். அந்தத் தம்பியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.