பதினோராம் மாடியில் கொள்ளுத் தாத்தா

சிங்கப்பூர் போய் வந்தேன் என்றால் உடனே, "என்ன வாங்கிண்டு வந்தே?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். செரங்கூன் ரோடு நகைக் கடைகளையும், தேக்கா மார்க்கெட்டையும் நானும் பார்த்தேன். ஆனால் நான் கொண்டு வந்தது பத்திரிகைப் பக்கங்களின் நாலைந்து பிரதிகள். அந்தக் கதையைச் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கையின் பிரசவத்துக்கு உதவியாகப் போயிருந்தேன். கிளம்பும்போது அம்மா, தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அம்மாவின் அப்பாவைப் பெற்றவர், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர், கடைசியாக எழுதியது. 'தீபாவளிக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். தை மாதம் கப்பலில் வந்து விடுகிறேன்' என்று இருந்தது. தை வந்தது, அவர் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

"அங்கே வேறே குடும்பம் வச்சுக்கிட்டான்" என்று ஊரார் முடிவு கட்டி விட்டார்கள். அவர் மனைவி, எங்கள் அப்பாயி, மட்டும் அதை நம்பவில்லை. பொட்டும் வைத்துக் கொண்டு, கப்பல் வரும்போதெல்லாம் ஆள் விட்டு விசாரித்துக் கொண்டு, அப்படியே கண்ணை மூடி விட்டாள். "நீ போற ஊர்தானேடி, ஏதாவது தெரியுதான்னு பாரேன்" என்றாள் அம்மா.

குழந்தை பிறந்து, வீட்டு வேலை ஒரு ஒழுங்குக்கு வந்த பின், தங்கையின் கணவர், "தேசிய நூலகத்தில் பாருங்கள் அக்கா, காசு எதுவும் கேட்க மாட்டார்கள்" என்று வழி சொன்னார். பூகிஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். விக்டோரியா தெருவில் கண்ணாடிச் சுவர்களோடு 16 மாடிக் கட்டடம். 2005-ல் திறந்தது. 7-ம் மாடியிலிருந்து 13-ம் மாடி வரை ஆராய்ச்சி நூலகம். புத்தகத்தை வீட்டுக்குத் தர மாட்டார்கள்; யார் வேண்டுமானாலும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். சிங்கப்பூர் சம்பந்தப்பட்டதெல்லாம் 11-ம் மாடியில். உள்ளே ஒரே குளிர். ஸ்வெட்டர் எடுத்துப் போகாதது என் தப்பு.

எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது. தயங்கி நின்றதைப் பார்த்து ஒரு நூலகப் பெண்மணி பக்கத்தில் வந்து சொல்லிக் கொடுத்தார். பழைய செய்தித்தாள்களை எல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1845-ல் ஆரம்பித்த 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்', கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய நம் 'தமிழ் முரசு' எல்லாம் அதில் உண்டு. பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் வந்த பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. நிறையப் பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சில பக்கங்கள் மட்டும் நூலகத்துக் கம்ப்யூட்டரில்தான் திறக்கும்.

முதல் நாள் முழுக்கப் பெயரைத் தேடினேன். கோவிந்தசாமி என்பதை அந்தக் காலத்து ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள்! 'சாமி' என்று முடித்தால் ஒருவர், 'ஸ்வாமி' என்று முடித்தால் இன்னொருவர், இரண்டாகப் பிரித்து எழுதினால் வேறொருவர். தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்து வராமல், "இவர்தான் நம் தாத்தா" என்று எப்படிச் சொல்வது? யாருமே ஒத்து வரவில்லை. கண் எரிச்சலோடு வீடு திரும்பினேன்.

ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொண்டே கடிதத்தை மறுபடி பார்த்தேன். மேலே, 'விஷு வருஷம் ஐப்பசி மாதம்' என்றிருந்தது. இத்தனை வருஷம் வீட்டில் எல்லோரும் படித்த வரிதான். இங்கிலீஷில் எந்த வருஷம் என்று ஒருத்தரும் கணக்குப் பார்த்ததில்லை! பிரபவ வருஷம் 1927 சித்திரையில் பிறந்தது. அதிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். பதினைந்தாவது விஷு. அதாவது 1941. அப்படியானால் அவர் வருவதாகச் சொன்ன தை, 1942 ஜனவரி!

மறுநாள் பெயரைத் தேடவில்லை, தேதியைத் தேடினேன். 1941 டிசம்பர் 8 விடியற்காலையில் சிங்கப்பூர் மேல் ஜப்பான்காரனின் முதல் குண்டு. ஜனவரிப் பக்கங்களைப் புரட்டப் புரட்ட விமானத் தாக்குதல் செய்திதான். 1942 பிப்ரவரி 15-ல் ஊரே ஜப்பானியர் கைக்குப் போய் விட்டது. பத்திரிகையின் பெயரைக்கூட அவர்கள் மாற்றி விட்டார்கள். பழைய பெயரில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' திரும்ப வந்தது 1945 செப்டம்பர் 7-ல். நடுவில் மூன்றரை வருஷம். அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கடிதம் வர எது வழி? மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டு போனதும் அந்த வருஷங்களில்தான். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

தாத்தாவின் முடிவு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை என்பதற்கு, 'வேறே குடும்பம்' என்பதை விடப் பெரிய காரணம் அந்தப் பக்கங்களில் இருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கடல் தாண்டிப் போனவர் இருந்தால், தேடுவதற்கு முன் பெரியவர்களிடம் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். பழைய கடிதத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். தமிழ் வருஷத்தை இங்கிலீஷ் வருஷமாக மாற்றிப் பாருங்கள். பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகத் தேடுங்கள். பார்த்த பக்கத்தின் தேதியைக் குறித்துக் கொள்ள மறக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்பாயி சொன்னது சரிதாண்டி" என்றாள்.

இத்தனை காலம் இருக்கிறாரோ, இல்லையோ என்று அவருக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. இந்தத் தை அமாவாசைக்கு அப்பாயிக்குப் போட்ட இலைக்குப் பக்கத்தில் அம்மா இன்னொரு இலை போட்டாள்.