காயலின் அடியிலே

கடலைப் புகழாத கவிஞரைக் காண்பது அரிது. அலையைப் பாடுவார்கள், மணலைப் பாடுவார்கள், கரையோரத்துப் புன்னையையும் தாழையையும் பாடுவார்கள். ஆனால் நீருக்கு அடியிலே கிடக்கும் சேற்றைப் பாட யாருக்கு மனம் வரும்? அந்தச் சேற்றைப் படிப்பதே எனக்கு வேலையாக வாய்த்திருக்கிறது. படகிலிருந்து திரும்பும் நாள்களில் விடுதித் தோழியர் என்னோடு ஒரே மேசையில் உட்கார அஞ்சுகிறார்கள். அந்த நாற்றத்துக்கு ஒரு நியாயம் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் மன்றத்து மலரிலே புழுவுக்கும் மட்டிக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முன்னே வைத்து, அந்நிலத்துப் பறவை, விலங்கு, மரம், தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்று அடுத்து வைத்தது நம் இலக்கணம். முதற்பொருள் எப்படியோ அப்படியே கருப்பொருளும் அமையும். நான் கற்கும் கடல் விஞ்ஞானமும் ஏறத்தாழ இதையேதான் ஆராய்கிறது. நிலமும் பொழுதும் மாறும்போது அங்கே வாழும் உயிர்கள் என்ன செய்கின்றன?

இக்கேள்விக்கு மீனிடம் விடை கேட்பதில் பயன் குறைவு. நீர் பிடிக்காவிட்டால் மீன் நீந்திப் போய்விடும். அடித்தரையில் வாழும் உயிர்களுக்கு அந்த வசதி இல்லை. சேற்றிலே குழாய் போல வீடு கட்டிக்கொண்டு வாழும் சுணைப்புழுக்கள், ஓட்டை மூடிக்கொண்டு புதைந்து கிடக்கும் மட்டிகள், அரிசி மணியினும் சிறிய இறால் இனத்து உயிர்கள் ஆகியவை வந்ததைத் தாங்க வேண்டும்; இல்லாவிட்டால் மடிய வேண்டும். ஆகவே ஓரிடத்துச் சேற்றில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கணக்கெடுத்தால், அங்கே சென்ற பல மாதங்களாக நீர் எப்படி இருந்தது என்பது விளங்கும். நீரை ஒரு குப்பியில் பிடித்துச் சோதித்தால் அன்றைய செய்தி மட்டுமே கிடைக்கும். சேறோ ஆண்டுக் கணக்கைக் காட்டும்.

கணக்கெடுக்கும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். இரண்டு இரும்பு அலகுகள் கொண்ட ஒரு கவ்வியைக் கயிற்றில் கட்டி இறக்குகிறோம். அடித்தரையைத் தொட்டதும் அது வாய் மூடி ஒரு பிடி சேற்றைக் கவ்வி வருகிறது. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அதை அலசுகிறோம். சல்லடையில் நிற்கும் உயிர்களுக்குச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொன்றாய்ப் பிரித்து எண்ணுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க் நாட்டுப் பீட்டர்சன் இத்தகைய கவ்வியால் கடலடி உயிர்களை அளந்து காட்டினார். நூறாண்டு கடந்தும் வழி பெரிதாக மாறவில்லை.

கொச்சிக்கு வெளியே உள்ள அரபிக் கடலை முதலில் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோரத்து மேல்நீர் விலகிச் செல்ல, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. அந்நீரில் உரம் மிகுதி. அதனால்தான் நம் மேற்குக் கரையில் மீன் கொழிக்கிறது. ஆனால் அதில் பிராணவாயு குறைவு. ஏனெனில் அரபிக் கடலில் சுமார் 150 மீட்டர் ஆழத்திலிருந்து 1000 மீட்டர் வரையில் பிராணவாயு மிகவும் வறண்ட ஒரு பெரும் நீரடுக்கு கிடக்கிறது. அதன் மேல்விளிம்பு நீர்தான் கரையை நோக்கி ஏறுகிறது. ஒரு லிட்டர் நீரில் கரைந்த பிராணவாயு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல உயிர்களுக்கு மூச்சுத் திணறும்.

அப்போது என்ன நடக்கிறது? மீன்களும் இறால்களும் இடம் பெயர்கின்றன. மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் சேமிப்பைக் கொண்டு சில நாள் சமாளிக்கிறது. சில புழுக்கள் வளையை விட்டு வெளியே தலை நீட்டி, கிளைத்த செவுள்களை விரித்து, கிடைக்கிற கொஞ்சத்தை வாங்கிக்கொள்கின்றன. நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற செந்நிறப் பொருளைத் தம் உடலில் கொண்ட புழுக்களும் உண்டு; அவை சற்றுக் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கும். பெருத்த உடம்பும் நீண்ட ஆயுளும் உள்ளவையே முதலில் மடிகின்றன. சிறியவை, விரைவில் வளர்ந்து ஏராளமாக முட்டையிடுபவை, எஞ்சுகின்றன.

இதைப் பற்றி எழுதப் புகுந்தவர்களில் நான் முதல்வள் அல்லள். மலபார்க் கரையின் அடித்தரையை ஆராய்ந்த ஜி. சேஷப்பா, மழைக்காலத்தில் அவ்வுயிர்கள் பெரிதும் குறைந்து பிறகு மீண்டும் குடியேறுவதை 1953இலேயே எழுதி வைத்தார். ஆழத்து நீர் மேலேறுவதற்கும் அடிவலை மீன்பிடிப்புக்கும் உள்ள தொடர்பை 1959இல் கார்ல் பான்சே என்னும் ஜெர்மானியர் விளக்கினார்.

மீண்டும் குடியேறுவது என்று சொன்னேன். என்னைப் பெரிதும் கவர்ந்த செய்தி அதுதான். காற்று அடங்கி நீர் தெளிந்ததும், வேறிடங்களில் பிழைத்திருந்த தாய்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து அந்த வெறுஞ்சேற்றில் இறங்குகின்றன. சில மாதங்களில் தரை மறுபடியும் உயிர் பெறுகிறது. ஆண்டுதோறும் அழிவு, ஆண்டுதோறும் குடியேற்றம். இவ்வுயிர்களுக்கு மாறுதல் புதிதன்று. ஆனால் மீள்வதற்கு அவற்றுக்கு இரண்டு வேண்டும்: போதிய இடைவெளி ஒன்று, குஞ்சுகள் வந்து சேரத் திறந்த வழி மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று அடைபட்டால் என்ன ஆகும் என்பதைக் காணக் கடலை விட்டுக் காயலுக்குள் வர வேண்டும்.

வேம்பநாட்டுக் காயலை நம்மில் பலர் படகு வீட்டில் இருந்தபடி பார்த்திருப்பீர்கள். அதுவே மாறுதலின் பிள்ளை என்று சொல்லலாம். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியில் கடல்வாயைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்கை. சங்கப் புலவர் பாடிய முசிறி மறைந்ததும், நாம் படிக்க வந்த இந்நகரம் துறைமுகம் ஆனதும் ஒரே வெள்ளத்தின் செயல் போலும்! மழைக்காலத்தில் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் காயலை நன்னீராக்கும். கோடையில் ஆறுகள் மெலியக் கடல்நீர் உள்ளே ஏறும். ஆண்டில் பாதி நன்னீர், பாதி உப்புநீர் என்னும் இந்த முறைக்குப் பழகிய உயிர்தான் இங்குள்ள கறுப்பு மட்டி. வளர நன்னீர் போதும். ஆனால் அது முட்டையிட ஓரளவு உப்பு ஏற வேண்டும். ஆற்றுப் பெரிய இறாலும் அப்படியே. ஆற்றில் வளர்ந்தாலும் அதன் குஞ்சு பிழைப்பது உப்புக் கலந்த நீரில்தான்.

காயலின் தெற்கே குட்டநாடு. கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்களில் வரப்புக் கட்டி நீரை இறைத்து நெல் விளைக்கும் நாடு. கோடையில் ஏறும் உப்புநீர் அந்த நெல்லுக்கு எமன். எனவே தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட தடுப்பணை ஒன்று எழுந்தது. 1958இல் வேலை தொடங்கி, 1970களின் நடுவில் அது இயங்கத் தொடங்கியது. டிசம்பரில் கதவுகளை மூடி மார்ச்சில் திறப்பது என்பது ஏற்பாடு. அறுவடை தள்ளிப் போகும் ஆண்டுகளில் திறப்பும் தள்ளிப் போகிறது.

அணையின் இருபுறத்துச் சேற்றையும் நான் அலசிப் பார்த்திருக்கிறேன். வடபுறத்துச் சல்லடையில் கடலைச் சேர்ந்த சுணைப்புழுக்களும் மட்டிக் குஞ்சுகளும் பலவகை. தென்புறத்திலோ நன்னீர்ப் புழுக்களும், கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் சிவந்த புழுக்களுமே மிகுதி. உப்பு ஏறாததால் வெங்காயத் தாமரை அழியாமல் படர்கிறது. அது அழுகி அடியில் படிகிறது. ஏற்ற இறக்கம் குறைந்த நீரில் வயல் உரமும் மருந்தும் கழிவும் தேங்குகின்றன. சேற்றைத் துளைத்துக் காற்றோட்டம் தரும் உயிர்கள் குறைந்த இடங்களில் சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது. தென்பகுதியில் கறுப்பு மட்டி குறைந்ததற்கு இந்த அணை முக்கியமான ஒரு காரணம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. வெளிக்கடலில் ஆண்டுதோறும் வரும் அழிவைத் தாங்கித் திரும்பும் உயிர்கள், இங்கே தமக்குப் பழகிய மாறுதலை மனிதன் நிறுத்திவிட்டதால் தளர்கின்றன. விந்தை அல்லவா?

இந்த இடத்தில் அணையைப் பழித்துவிட்டு எழுந்து போவது எளிது. என்னால் அது முடிவதில்லை. நான் நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு கடைமடைக் கிராமத்துக்காரி. எங்கள் வீட்டில் உப்பு என்ற சொல்லுக்குச் சமையற்கட்டில் ஒரு பொருள், வயலில் வேறொரு பொருள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கடற்கரையில் புகுந்தபோது எத்தனையோ வயல்கள் வெளுத்துப்போயின. மழை பெய்து பெய்து உப்புக் கழியும் வரையில் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்ததாக அப்பா சொல்வார். உப்பைத் தடுக்க ஒரு கதவு கட்டித் தருகிறோம் என்று அன்று யாராவது வந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார். குட்டநாட்டு உழவர் அந்தக் கதவை ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முகம்மை என்னும் ஊரின் அருகே மட்டி வாரும் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். நீண்ட கழியின் நுனியில் வாரியும் வலையும் கட்டி, வள்ளத்தில் நின்றபடி அடித்தரையைச் சுரண்டி எடுக்கிறார். மனைவி மட்டியை அவித்துச் சதையைப் பிரிக்கிறார். ஓடு சுண்ணாம்புக்குப் போகிறது. “வெள்ளம் கெட்டுப்போச்சு, மோளே” என்றார் முதியவர். இந்நாட்டில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது இங்கு வந்த முதல் வாரத்திலேயே நாம் அனைவரும் கற்ற பாடம். “எங்கள் அப்பா நெல் விளைக்கிறவர்” என்றேன். அவர் சிரித்தார். “எனக்கும் சோறு வேண்டும்தானே? அவர்கள் அறுத்து முடித்த அன்றே கதவைத் திறக்கட்டும். அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம்” என்றார்.

சோற்றையும் மட்டியையும் ஒரே தட்டில் உண்பவரின் தீர்ப்பு அது. விஞ்ஞானமும் அவர் பக்கமே நிற்கிறது. வயல்கள் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு நாளில் விதைப்பதால்தான் அறுவடை நீள்கிறது. எல்லாரும் ஒரு காலக் கணக்குப்படி விதைத்து ஒன்றாக அறுத்தால் கதவை முன்னதாகவே திறக்கலாம் என்பது நெடுநாளாகப் பேசப்படும் யோசனை. கும்பகோணத்தில் பிறந்தவரும், குட்டநாட்டு மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்டவருமான எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், குட்டநாட்டின் இன்னல்களைப் பற்றி 2007இல் விரிவான அறிக்கை ஒன்றை அளித்தது. நெல்லையும் நீரையும் சேர்த்தே காக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. வேண்டுவது ஒருவர் நாளுக்கு மற்றவர் இசைவது.

அந்த இசைவுக்கு அவசரமும் உண்டு. கடல் சூடேறுகிறது, சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். கடல்மட்டம் உயர்கிறது, உப்பு இன்னும் உள்ளே வரும். 2018 ஆகஸ்டில் குட்டநாடு நீரில் மூழ்கியதைக் கண்டோம். இனி வரும் மாறுதல்களுக்கு இடையில் எத்தனை நாள் ஓய்வு கிடைக்கும் என்பதைப் பொறுத்தே அடித்தரை உயிர்களின் கதி அமையும். நம் கையில் இருப்பது அந்த ஓய்வைக் குறைக்காமல் இருப்பதும், குஞ்சுகள் வரும் வழியை வீணாக அடைக்காமல் இருப்பதுமே.

மருதத்தையும் நெய்தலையும் வெவ்வேறு திணை என்று வகுத்தவர்களே, இரண்டும் மயங்கும் இடம் உண்டு என்றும் கண்டார்கள். அப்படி மயங்கும் நிலத்தில்தான் நாம் படிக்க வந்திருக்கிறோம். விடுமுறையில் ஆலப்புழைப் பக்கம் செல்லும் நண்பர்கள் தண்ணீர்முக்கத்துப் பாலத்தில் ஒருமுறை இறங்கி, இருபுறத்து நீரையும் பாருங்கள். கதவு மூடியிருக்கும் மாதமானால் வேற்றுமை கண்ணுக்கே தெரியக்கூடும். அடியில் உள்ளதைக் காண விரும்பினால் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். நுண்ணோக்கி ஒன்று எப்போதும் காலியாக இருக்கும். நாற்றத்துக்கு மட்டும் நான் பொறுப்பல்ல.