வேப்பமர நிழலில் ஒரு செடி



போதகர் இல்லத்துத் தோட்டத்தில் கிரேப் மிர்ட்டில் என்னும் குட்டைச் செடி ஒன்று நிற்கிறது. நான்கு அடியளவே வளரும் வகை. என் மகன் வேலைக்காக வெளியூர் புறப்பட்ட வாரம் வாங்கித் தந்தது. வெயிலில் வாடிவிடுமோ என்றஞ்சி வேப்பமரத்தடியில் நட்டேன். அடிக்கடி உரமிட்டேன். ஒரு கிளையை வெட்டவும் மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் இலை செழித்தது. பூ ஒன்றும் இல்லை. பனிக்காலத்தில் இலைகளில் சாம்பல் நோயும் படிந்தது.

தோட்டவேலை அறிந்த சபை மூப்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, செல்லம் கொடுத்தே கெடுத்துவிட்டீர்கள்" என்றார். நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்; தழைச்சத்து மிகுந்தால் பூ குறையும்; வேரில் நீர் தேங்கலாகாது; அந்தந்த ஆண்டின் புதுத்தளிர் நுனியில்தான் மொட்டு வரும், ஆகையால் தளிர்விடுமுன் கவாத்து செய்ய வேண்டும் என்று விளக்கினார்.

ஜனவரியில் வேர்மண்ணோடு பெயர்த்து வெயிலில் நட்டேன். மெலிந்தவற்றையும் ஒன்றோடொன்று உராய்ந்த கிளைகளையும் வெட்டினேன். சில வாரங்கள் வெறுங்குச்சியாய் நின்ற செடியைக் கண்டு வருந்தினேன். கோடையில் இளஞ்சிவப்புப் பூங்கொத்துகள் வந்தன. இதழ்கள் சுருக்கம் விழுந்த கிரேப் துணியைப் போன்றவை. வாடிய கொத்துகளைக் காய் பிடிக்குமுன் நறுக்கியபோது மறுபடியும் பூத்தது.

பெயரில் மிர்ட்டில் இருந்தாலும், இது வேதாகமத்தின் மிருதுச்செடி அன்று. எஸ்தரின் எபிரெயப் பெயருக்குப் பொருளாயிருப்பது அந்த மிருதுச்செடி. இதுவோ மாதுளையும் மருதாணியும் சேர்ந்த குடும்பம். நம் பூமருதுக்கு நெருங்கிய உறவு.

பிரியமானவர்களே, ஒன்றை உங்களிடம் அறிக்கையிடுகிறேன். அந்த இரண்டு ஆண்டுகளும் மகன் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், அவன் கேட்குமுன்பே புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்" என்றான் ஒருநாள். எனக்குக் கோபம் வந்தது. அதன்பின் அவன் அழைப்பது குறைந்தது. கத்தரிக்கோலோடு செடியருகே நின்ற காலையில்தான் அந்தச் சொல் உறைத்தது. நிழலில் வைத்தது செடிக்காக அன்று, என் பயத்திற்காக.

அன்று மாலை நானே அவனை அழைத்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவன் நெடுநேரம் பேசினான்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் அன்பின் நிழலில் பூக்காமல் நிற்பவர் எவரேனும் உண்டா? இந்த வாரம் அவரை அழைத்துப் பேசுங்கள். பேசுவதைவிட அதிகமாய்க் கேளுங்கள்.