காத்திருக்கும் நிரல்

ஓய்வுக்குப் பிறகு பைத்தான் கற்று வருவது பலருக்கும் தெரியும். இப்போது டிகிண்டரில் பேத்திக்கு ஒரு வாய்ப்பாடு விளையாட்டு செய்திருக்கிறேன். விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வந்துவிடும், தனியாக நிறுவ வேண்டாம்.

0 முதல் 9 வரை பத்து பட்டன்கள். ஒரே இனக்குழுவில் பிறந்த பத்துப் பொருள்கள். (பாடநூல் இனக்குழு என்கிறது. எனக்கோ வகுப்பு என்றுதான் வாயில் வருகிறது. ஒரு வகுப்பு, பத்துப் பிள்ளைகள்!) தன்மேல் என்ன எழுத்து, அழுத்தினால் எந்தச் செயற்கூறை அழைப்பது என்பதை ஒவ்வொன்றும் தானே வைத்திருக்கிறது.

கறுப்புத் திரையில் எழுதிய காலத்தில் நிரல் கேட்கும், பிள்ளை பதில் சொல்லியே ஆக வேண்டும். சாளரத்தில் தலைகீழ். கடைசி வரியில் 'மெயின்லூப்' வந்ததும் நிரல் காத்திருக்கத் தொடங்கிவிடும். எதை, எப்போது அழுத்துவது என்பது பிள்ளையின் விருப்பம். அதனால்தான் நடுவே 'ஸ்லீப்' போடக்கூடாது, சாளரமே உறைந்துவிடும். சற்றுப் பொறுத்துச் செய்ய 'ஆஃப்டர்' இருக்கிறது.

பேத்தி வகுப்பில் வாயே திறக்காதவள். ஏழாம் வாய்ப்பாடு என்றால் கண் கலங்கும். இரண்டாம் நாள் சொன்னாள்: "தாத்தா, 'தெரியல'ன்னு ஒரு பட்டன் வைங்க."

இத்தனை வருட ஆசிரியப் பணியில் எந்தப் பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்க வழியும் இருந்ததில்லை.

வைத்தேன். அழுத்தினால் கேன்வாஸில் வரிசைக்கு ஏழு புள்ளி விழும். இப்போதைக்கு அதிகம் அழுத்தப்படுவது அந்தப் பட்டன்தான். எட்டு வரிசையையும் விரல் வைத்து எண்ணிவிட்டு, 5, 6 என்று தானே அழுத்துகிறாள்.