டிங்கர் பார்த்த சட்டம்

காரின் மூக்குக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. கார் வைத்திருக்கிற பல பேர் அதைப் பார்த்ததே இல்லை. கம்பெனிப் புத்தகத்தில் ரேடியேட்டர் சப்போர்ட் என்று போட்டிருக்கும். பட்டறையில் நாங்கள் ரேடியேட்டர் பேனல் என்போம். வீட்டுக் கதவுக்கு நிலை எப்படியோ, காரின் முகத்துக்கு இது அப்படி. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டு பக்கமும் தூண். ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஃபேன், ஹாரன், ஹெட்லைட், பானட் பூட்டு எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. பெயிண்ட் அடித்து ஊருக்குக் காட்டுவது பம்பரையும் பானட்டையும். சுமக்கிறது இது.

தலித் பத்திரிகையில் கார் ரிப்பேர் எதுக்குப்பா என்று கேட்பீர்கள். நான் டிங்கர். தகரம் தட்டுகிறவன். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டோரப் பட்டறைகளில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தட்டியிருக்கிறேன். ஒரு பேனலை மாற்றிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் நம்ம ஜனத்தின் கணக்கும் கிடக்கிறது.

முதலில் நாங்கள் எப்படி டிங்கர் ஆனோம் என்று சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, அவர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்றார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். வேறு சாதிக்காரர்களுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கை மாறிப் போனது. 1994இல் மாமல்லபுரம் பக்கம் காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு நம்ம ஜனம் எழுந்தது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை, இரண்டு பேர் செத்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயசு. அன்னிக்கு ராத்திரி அப்பா சோற்றைத் தொடவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

நிலம் வரவில்லை. கார் வந்தது. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து 1999இல் ஐகான் வெளியே வந்தது. (2022இல் அங்கே கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.) 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையானது. கம்பெனிக்குள் போக ஐ.டி.ஐ. சர்டிபிகேட் கேட்டார்கள். எட்டாவதோடு நின்ற எங்களிடம் ஏது? ஆனால் கம்பெனி செய்த காரை மோதி நசுக்கிக்கொண்டு வருகிறார்களே, அதைத் தட்டி நிமிர்த்த சர்டிபிகேட் வேண்டாம். காது மந்தமானாலும் கண்ணில் பொறி விழுந்தாலும் கேட்காத பையன்கள் வேண்டும். காலனிப் பையன்கள் போனோம். பட்டறைக்குள்ளேயும் ஊரும் சேரியும் உண்டு. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிறவனுக்கு நாற்காலி. தட்டுகிறவனுக்குத் தரை.

இப்போது அந்தக் கார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு மார்கழி. நான் வேலை பார்த்த பட்டறைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வெள்ளைக் காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். கடற்கரையில் விடுதி வைத்திருக்கிற ஒருவருடைய வண்டி. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். அந்தப் பக்கம் டிங்கர் இல்லையா என்று எனக்கு அப்போதே தோன்றியது.

"சுவத்துல இடிச்சிட்டேன்பா. தட்டி நேர் பண்ணிக் குடு. பில்லு வேணாம். கையில காசு."

காலையில் பம்பரைக் கழற்றினேன். சுவர் என்றால் முகம் முழுக்கப் பரவலாக உள்ளே போகும். மாட்டை அடித்தால் மேல் பட்டையும் பானட்டும் மடங்கும், முன் கண்ணாடி தெறிக்கும், கிரில்லில் மயிர் ஒட்டியிருக்கும். இந்தப் பேனலில் இடது பக்கம், கீழ் பட்டைக்கு மேலே, குறுகலாக ஆழமாக ஒரு குழி. அதன் ஓரத்தில் ரப்பர் தேய்ந்த கறுப்பு. பக்கத்துத் தூணில் நீலப் பெயிண்ட் கீற்று. இரண்டு சக்கர வண்டியின் சக்கரம் குத்திய இடம். டிங்கர் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவான்.

அறுப்பதற்கு முந்தி எந்த வண்டியையும் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுப்பது என் பழக்கம். எந்தப் பிராக்கெட் எங்கே இருந்தது என்று பின்னால் பார்க்க உதவும். அன்னிக்கும் எடுத்தேன்.

வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சார், இது தட்டுற கேஸ் இல்ல. பேனலையே மாத்தணும்."

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் காலத்துக் கார்களில் தனியாகச் சேசிஸ் கிடையாது. தகடுகளைப் பெட்டி மாதிரி ஒட்டித்தான் உடம்பே நிற்கிறது. ரேடியேட்டர் பேனல் சில வண்டியில் போல்ட்டில் நிற்கும், புதிய சில வண்டிகளில் பிளாஸ்டிக்கிலேயே வரும், இந்த வண்டியில் ஸ்பாட் வெல்டிங். லேசாக வளைந்திருந்தால் தட்டலாம். மடிந்து கசங்கிய தகட்டைச் சுத்தியலும் டோலியும் வைத்து நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும், பலம் இருக்காது. பானட் பூட்டு இம்மி தள்ளி நின்றால் போதும். வேகத்தில் பானட் எழும்பிக் கண்ணாடியில் அடிக்கும். ரேடியேட்டர் முறுக்கி நின்றால் ஓரத்தில் கசிவு வரும், தண்ணி குறையும், இன்ஜின் கொதிக்கும்.

இன்னொன்று, அது கடற்கரை வண்டி. உப்புக் காற்று மேலே பெயிண்ட்டில் பெரிசாகத் தெரியாது. கீழ் பட்டை உள்ளே குழாய் மாதிரி. தண்ணி வடிய ஓட்டை வைத்திருப்பார்கள். மணல் புகுந்து அதை அடைக்கும். ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, உள்ளேயிருந்து தின்னும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. அந்தப் பட்டை வளையவில்லை, கிழிந்திருந்தது.

"இன்சூரன்ஸ் போடலாமே சார்" என்றேன். ஏழு வருஷத்து வண்டி. உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு 50. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. துருவுக்குக் காசு தர மாட்டார்கள். கழித்தது போகக் கொஞ்சம் வரும். அவர் வேண்டாம் என்றார். 50,000 ரூபாயைத் தாண்டினால் லைசென்ஸ் உள்ள சர்வேயர் வர வேண்டும். வந்தால் எங்கே, எப்படி என்று கேட்பார்.

நான் கேட்டேன். "சுவத்துல டயர் மார்க் எப்படி சார் வரும்?"

"நீ எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊரா, காலனியா?"

அதையும் சொன்னேன்.

"அதான். டிங்கரு தட்டுறதோட நிறுத்திக்கணும்."

பட்டறை முதலாளி குனிந்து பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப்பேட்டையிலிருந்து பழைய வண்டியில் அறுத்த பேனல் ஒன்று வந்தது. துரு இல்லாத பேனல். வேலையில் குறை வைக்கக் கூடாது என்று என் உஸ்தாத் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வண்டியில் யார் வீட்டுப் பிள்ளையாவது உட்காரும். பேட்டரியைக் கழற்றினேன். கூலன்ட்டை வடித்தேன். ஏசி கேஸை மெஷினில் எடுத்தார்கள், குழாய் வாயை அடைத்துக் கட்டினேன். பழைய பேனல் இருக்கும்போதே சங்கிலி போட்டு இழுத்து நேராக்க வேண்டும். முதலிலேயே அறுத்துவிட்டால் இழுக்கப் பிடி கிடைக்காது. குறுக்கும் நெடுக்கும் டேப் பிடித்தேன். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு வருகிற அளவும், வலதிலிருந்து இடதுக்கு வருகிற அளவும் ஒன்றாக வர வேண்டும். வந்த பிறகு 8 மி.மீ. டிரில்லால் ஸ்பாட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, உளியால் பிரித்தேன். கேஸ் கட்டிங் வைத்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தச் சூட்டில் பக்கத்துத் தகடு செத்துவிடும், துத்தநாகப் பூச்சு கருகிவிடும், அடுத்த மழைக்கே துரு கிளம்பும்.

ஒட்டுகிற இடத்தைத் தேய்த்துத் துத்தநாக பிரைமர் பூசினேன். புதுப் பேனலைக் கிளாம்ப்பில் பிடித்து, வெல்டிங் வைக்காமல் பானட்டையும் ஃபெண்டரையும் ஹெட்லைட்டையும் மாட்டிப் பார்த்தேன். இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக வந்த பிறகுதான் கார்பன் டை ஆக்சைடு வெல்டிங். அதற்கு மேல் பிரைமர், சீலர், பெயிண்ட், குழாய்க்குள் மெழுகு. ஆறு நாள். வண்டி போய்விட்டது. பழைய பேனலை நான் காயலான் கடைக்குப் போடவில்லை. துரு ஏறாத பக்கம் வேறு வண்டிக்கு ஒட்டுப் போட ஆகும். ஷெட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து என் சின்னம்மா மகன் வந்தான். அவன் மாமனார் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் சிலைக்கு மெருகு போடுகிற கூலி. இருட்டோடு மொபெட்டில் வேலைக்குப் போனவரை ஒரு கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. காலில் இரண்டு இடத்தில் முறிவு. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். எப்.ஐ.ஆரில் அடையாளம் தெரியாத வாகனம்.

"மொபெட்டு என்ன கலருடா?"

"நீலம்ணா."

பின்னால் கூட்டிப் போய்ப் பேனலைக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தக் குழிக்குள் கையை வைத்துப் பார்த்தான்.

இங்கேதான் இன்னொரு சட்டம் வருகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பேர். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். அடித்த வண்டி எது என்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரலிலிருந்து, செத்தால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முந்தி காயத்துக்கு 12,500தான். வண்டி தெரிந்துவிட்டால் கணக்கே வேறு. வயசு, சம்பாத்தியம், ஊனம் எவ்வளவு, வைத்தியச் செலவு எல்லாம் பார்த்து டிரிப்யூனல் தொகை சொல்லும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். கல்லில் உட்கார்ந்து தேய்க்கிறவனுக்குக் கால் போனால் வேலை போச்சு. அவன் மீதிக் காலம் முழுக்க 50,000க்கா, இல்லை வேறு தொகைக்கா என்பது, அந்தக் கீழ் பட்டைக்கு மேலே கிடந்த குழியில் இருந்தது. காரின் தகட்டுக்கு எத்தனை வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அடிபட்டவன் பேர் எந்த எஸ்டிமேட்டிலும் வருவதில்லை.

அடித்தவர் அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்று 134ஆம் பிரிவு சொல்கிறது. விபத்தில் சிக்கிய வண்டியைப் பரிசோதிக்க 136ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. இதெல்லாம் ஒரு வக்கீல் தோழர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரோடு ஸ்டேஷனுக்குப் போனோம். படங்களைக் கொடுத்தேன். பேனலையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டியை வரவழைத்துப் பார்த்தார்கள். மொபெட்டில் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. காரில் நான் வைத்த வெல்டிங் இருந்தது. இப்போது டிரிப்யூனலில் வழக்கு நடக்கிறது. எனக்கு அடுத்த வாரமே அந்தப் பட்டறையில் வேலை இல்லை என்றார்கள். "வண்டி குடுக்கிறவன் எவன்யா இனிமே நம்பிக் குடுப்பான்" என்றார் முதலாளி. இப்போது புறம்போக்கில் நாலு தகரம் வைத்துத் தனியாகத் தட்டுகிறேன்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு, முக்கியமாக விபத்துக் கேசுக்கு ஓடுகிற இளைஞர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் போகிறீர்கள், சரி. பட்டறைகளுக்கும் போங்கள். ரோட்டோரத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் வரைக்கும் தேடுங்கள். அடித்துவிட்டு ஓடினவன் பக்கத்து ஊர் ஷெட்டில் வண்டியை விட மாட்டான். பம்பர் மாற்றிவிட்டார்கள், பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்று திரும்பி வந்துவிடாதீர்கள். உள்ளே சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டின சுவடு, புது வெல்டிங், நிறம் மாறின பிரைமர், எல்லாம் இருக்கும். டிரிப்யூனலுக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் கெடுவை வைத்திருக்கிறது.

பட்டறையில் பில் புத்தகம் வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள். தரையில் உட்கார்ந்திருக்கிற பையனிடம் கேளுங்கள். அவன்தான் கழற்றியிருப்பான். அவன் நம்ம காலனிப் பையனாக இருப்பதற்கும் நிறைய வாய்ப்பு உண்டு. நாளைக்கு அவனுக்கு வேலை போனால் கூட நிற்க ஆள் வேண்டும், அதையும் யோசித்துக்கொண்டு போங்கள்.

கோர்ட்டில் என்னைக் கேட்பார்கள், "நீ என்ன படிச்சிருக்க, உனக்கு இது எப்படித் தெரியும்" என்று. வக்கீல் இப்போதே என்னைத் தயார் பண்ணுகிறார். ஐ.டி.ஐ.யில் கார் உடம்பு பழுது பார்க்கத் தனிப் பாடமே இருக்கிறது. அதைப் படித்தவனுக்குச் சர்டிபிகேட் உண்டு. இருபத்தைந்து வருஷம் தட்டினவனுக்கும் சோதனை வைத்துச் சர்டிபிகேட் கொடுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். நிலம் கேட்டது போலவே இதையும் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். அதுவரைக்கும் என்னிடம் இருப்பது அந்தப் படங்களும், ஸ்டேஷனில் கிடக்கிற அந்தப் பேனலும், என் கையெழுத்தும்தான். எந்த நாள் கூப்பிட்டாலும் போய்ச் சொல்லுவேன்.