குளிசை பகிர்ந்து கொடுக்கும் பண்டமல்ல

நமது ஊர்ப் பெண்களுக்கு நாரிப்பிடிப்பு புதிய நோயல்ல. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவதும், குனிந்து முற்றம் கூட்டுவதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அடுப்படியில் நிற்பதும் அதைக் கொண்டுவந்து விடுகின்றன. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஆண்களும், கரைவலை இழுப்பவர்களும் இதே நோவோடுதான் வீடு திரும்புகிறார்கள். எண்ணெய் தடவுவோம்; ஒத்தடம் கொடுப்போம். அதற்கும் அடங்காவிட்டால் டொக்டரிடம் போவோம். அவர் எழுதித் தரும் துண்டில் நோவுக்குரிய குளிசையோடு, இறுகிய தசையைத் தளர்த்தும் குளிசையொன்றும் சில வேளைகளில் இருக்கும். அந்த இரண்டாவது குளிசையைப் பற்றித்தான் சகோதரிகளோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

நான் டொக்டர் அல்லன். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். என்றாலும் மருந்து சம்பந்தமான கேள்விகள் மௌலவிமாரிடமும் வருகின்றன. குளிசை குடித்தால் மயக்கமாக இருக்கிறதே, தொழலாமா? நோன்பு நாளில் பகல் குளிசையை விட்டுவிடலாமா? இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்லுமுன், மருந்தின் தன்மையை அறிந்தவர்களிடம் விசாரித்துக்கொள்வது எனது வழக்கம். அப்படி அறிந்ததையும், எனது உடம்பிலேயே அனுபவித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், பாயில் சம்மணமிட்டுக் கிதாபுக்கு மேல் குனிந்திருந்தே எனது நாரி பிடித்துக்கொண்டது. ருகூஃவுக்குக் குனிந்தால் நிமிர முடியாது. கதிரையில் இருந்துதான் தொழுதேன். டொக்டர் டிசானிடின் என்ற குளிசையில் 2 மில்லிகிராம் அளவுள்ளதை இரவுக்கு ஒன்று வீதம் பத்து எழுதினார்; நோவு விட்டால் நிறுத்தலாம் என்றார். எழுதுவதற்கு முன் ஈரல் வருத்தம் உண்டா, பிரஷர் குளிசை எடுக்கிறீர்களா, வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு அவர் தந்த விளக்கம் எனக்குப் புதிதாக இருந்தது. இந்தக் குளிசை பிடித்திருக்கும் தசையில் போய் வேலை செய்வதில்லை. மூளையிலும் முள்ளந்தண்டிலும் வேலை செய்து, தசையை இறுகச் சொல்லும் கட்டளையைக் குறைக்கிறது. அதனால்தான் தூக்கம் வருகிறது, வாய் உலர்கிறது, பிரஷரும் இறங்குகிறது. தஹஜ்ஜுதுக்கோ சுபஹுக்கோ எழும்பும்போது படாரென்று எழும்பாமல், கட்டில் ஓரத்தில் சற்று இருந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழும்புங்கள் என்று அவர் சொன்னது பெரிய உதவியாக இருந்தது. ஆறாம் நாள் நோவு விட்டது. குளிசையில் நான்கு மிஞ்சியது.

அந்த நான்குக்குத்தான் ஆள் வந்தது. பக்கத்து வீட்டு ராத்தா ஒருவர் அதே நோவோடு வந்து, "தங்கச்சி, மௌலவிக்குத் தந்த குளிசை மிச்சமிருந்தா ரெண்டு தாங்களன்" என்று என் மனைவியிடம் கேட்டார். அயல் வீட்டார் கேட்டதை இல்லையென்று சொல்லும் பழக்கம் நமது பெண்களுக்கு இல்லை. உப்பும் சீனியும் போலத்தான் குளிசையும் மதில் தாண்டிப் போகிறது. நான், "ராத்தா, நீங்க வேற என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். சிறுநீர்க் கடுப்புக்கு ஆஸ்பத்திரியில் தந்த குளிசையைக் கொண்டுவந்து காட்டினார். சிப்ரோபுளொக்சசின் என்றிருந்தது. இரண்டு அட்டைகளையும் பாமசிக்குக் கொண்டுபோனேன். பாமசிக்காரர் பார்த்த உடனேயே, இவை இரண்டும் ஓர் உடம்பில் சேரக் கூடாது என்று கையை அசைத்து மறுத்துவிட்டார்.

காரணம் இதுதான். டிசானிடினை ஈரல் உடைத்து வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் சிப்ரோபுளொக்சசின் தடுத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து நடந்த ஆய்வில் டிசானிடின் உடம்பில் சேரும் அளவு ஏறத்தாழ பத்து மடங்காகியது. ஒரு குளிசை குடித்தவர் பத்துக் குளிசை குடித்தவர் போலாவார். பிரஷர் விழுந்து மயங்குவார். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஃபுளுவொக்சமின் என்ற மருந்தோடும் இதைச் சேர்க்கவே கூடாது. கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்களின் உடம்பிலும் டிசானிடின் மெதுவாகவே கழிகிறது. அதை டொக்டரிடம் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

தசைத் தளர்த்திகள் எல்லாம் ஒன்றென்று எண்ணிவிடவும் கூடாது. தயோகொல்சிகோசைட் என்றொரு மருந்து இருக்கிறது. மழைக்குப் பின் நமது பற்றைகளில் தீச்சுடர் போலப் பூக்கும் கார்த்திகைப் பூச்செடியின் விதையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டே அதைச் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர் பக்கங்களில் அச்செடியைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் தீங்கில்லை என்று நினைப்பவர்கள், அதே செடியின் கிழங்கு ஆளைக் கொல்லும் நஞ்சு என்பதை நினைவில் வைக்கட்டும். ஐரோப்பிய மருந்து முகாமை 2013இல் இம்மருந்துக்கு எல்லை விதித்தது. குளிசையாக ஏழு நாட்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், கருத்தரிக்கக் கூடிய நிலையில் தடுப்பு முறை கைக்கொள்ளாத பெண்களுக்கும் கொடுக்கவே கூடாது என்பன அவற்றில் முக்கியமானவை. பெருகும் கலங்களின் நிறமூர்த்தங்களை அது பாதிக்கலாம் என்பதே அச்சம். இந்தியாவுக்குப் போய்வரும் உறவினர் நாரி நோவுக்கென்று குளிசை அட்டை கொண்டுவந்து தந்தால், இப்பெயர் அதில் இருக்கிறதா என்று பாமசியில் கேட்டுப் பாருங்கள்.

இனி நோன்புக் கேள்விக்கு வருகிறேன். பக்கவாதத்துக்குப் பின் கைகால் இறுகியவர்களுக்கும், முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கும் பக்லோஃபென் என்ற குளிசையை மாதக் கணக்கில் கொடுப்பதுண்டு. பெரும்பாலும் நாளுக்கு மூன்று வேளை. இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் தொடங்குவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். திடீரென்று விட்டால் இறுக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பும், இல்லாதது கண்ணுக்குத் தோன்றும், வலிப்பும் வரலாம். ஆகவே, ரமழான் பிறந்த அன்று வீட்டிலுள்ள மூத்தவர் பேணுதலின் காரணமாகப் பகல் குளிசையைத் தானாக விட்டுவிட இடம் கொடுக்காதீர்கள். ஷஃபானிலேயே டொக்டரைக் கண்டு, ஸஹருக்கும் இஃப்தாருக்குமாக வேளையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் கவலைப்பட வேண்டாம். நோயாளி நோன்பைப் பிற்படுத்தவும், தீராத நோயாளி ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கவும் மார்க்கம் இடம் தந்திருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் அவனுக்குக் கட்டுப்படுவதே.

பக்லோஃபெனின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் அது தேங்கி, ஆளையே அறியாத குழப்பத்தை உண்டாக்கும். நமது மாவட்டத்தின் பதவி சிறிபுர உட்பட, வட மத்திய மாகாணத்தை அண்டிய விவசாயக் கிராமங்களைச் சிறுநீரக நோய் பல்லாண்டுகளாக வாட்டி வருகிறது. அந்நோய் உள்ளவர்கள் எந்த டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. கரிசோப்ரடோல் என்ற தசைத் தளர்த்திக்கு மக்கள் அடிமையாவதைக் கண்டு, ஐரோப்பிய முகாமை 2007இல் அதன் விற்பனையை நிறுத்தும்படி பரிந்துரைத்தது. அதை டபென்டடோல் என்ற கடும் வலிமருந்தோடு கலந்த குளிசைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆபிரிக்காவுக்குப் போய் இளைஞர்களைக் கெடுப்பதாக பிபிசி 2025 பெப்ரவரியில் வெளிப்படுத்தியது. உடனேயே இந்திய அரசு அக்கலவையின் உற்பத்தியையும் ஏற்றுமதியையும் தடுத்தது.

தாய்மாரே, இக்குளிசை வீட்டுக்கு வந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வையுங்கள். சாதாரணப் பிடிப்புக்கு அது சில நாட்களுக்கு உரியது. தூக்கக் குளிசையோடும், தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் போன்றவற்றோடும் டொக்டரைக் கேளாமல் சேர்க்காதீர்கள், மயக்கம் இரட்டிக்கும். குடித்தவர் மோட்டார் சைக்கிளிலோ தோணியிலோ போக வேண்டாம். வயதானவர் இரவில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளாதபடி துணைக்கு ஒருவர் இருக்கட்டும். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ குளிசையோடு டொக்டரிடம் ஓடுங்கள். நாரி நோவோடு கால் மரத்து, சிறுநீர் போகாமல் அடைத்தால் அது வெறும் பிடிப்பல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளை எடுத்து விழுங்கிவிட்டாலோ, குடித்தவரை எழுப்ப முடியாவிட்டாலோ வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசமானது.

நோவோடு வரும் அயல் வீட்டுப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. ஒத்தடத்துக்குச் சுடுதண்ணீர் போத்தல் கொடுங்கள். அவள் குடத்தை இரண்டு நாளைக்கு நீங்கள் சுமந்து கொடுங்கள். ஒரு வேளைச் சோறு ஆக்கி அனுப்புங்கள். டொக்டரிடம் போகத் துணையாகப் போங்கள். அயலாருக்குச் செய்ய வேண்டியது இவ்வளவும் இருக்க, இன்னொருவருக்கென்று அளந்து தந்த குளிசையை மட்டும் கொடுக்காதீர்கள்.