பாசி படர்ந்த தொட்டி

மீன்தொட்டியிற் பாசி படர்ந்த கதை ஒரு கட்டுரைக்குரிய பொருளாகுமா எனச் சங்க இதழின் வாசகர் சிலர் வினவக்கூடும். வரலாறும் இலக்கியமும் பயிலும் கலைப்பீட மாணவி ஒருத்திக்கு அது இன்னும் பொருந்தாத பொருளாகத் தோன்றலாம். ஆயினும் ஈராண்டுக் காலமாக எந்தப் பாடத்தைவிடவும் அதிகமாக என்னை அலைக்கழித்தது அந்தப் பாசிதான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் பதினைந்து அங்குல உயரமும் கொண்ட அந்தத் தொட்டி அண்ணாவுடையது. ஏறத்தாழ 70 லீற்றர் நீர் கொள்ளும். அதில் அவர் வளர்த்தவை யாவும் இந்நாட்டு ஓடைகளுக்கே உரியவை. ஏழு சிறு செம்மீன்கள். சிங்களத்தில் ‘லே தித்தய’ என்பர், மீன் வளர்ப்போர் ‘செரி பாப்’ என்பர். 1929 இல் தெரணியகல இம்மீனுக்கு இட்ட அறிவியற் பெயரிலும் அந்தச் சிங்களச் சொல்லே நிற்கிறது. செடிகளோ கிரிப்டோகொரைன் வென்டி. 1958 இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விற் பெயரிட்டது. இதன் உறவினமாகிய மற்றோர் இலங்கைச் செடி அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் 1990களிற் பெருகி, களையென்று பிடுங்கி எறியப்பட்டதாம். நம்மூரில் அருமையானது அங்கே தொல்லையாயிற்று.

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்ணா கனடாவுக்குப் புறப்பட்டார். “தங்கச்சி, மீனுக்குக் கொஞ்சமாப் போடு, லைற்றை எட்டு மணித்தியாலத்துக்கு மேல எரிய விடாதை” என்பதே விமான நிலையத்தில் அவர் எனக்குக் கூறிய இறுதி வார்த்தை. அம்மாவுக்கு அதிற் சிறு மனத்தாங்கல்.

அவர் சென்று சில வாரங்களில் மின்வெட்டு நீண்டது. மார்ச்சு மாத இறுதியில் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலமாயிற்று. உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டிலிருந்த நான், வடிகட்டி நின்றுபோன இரவுகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் கோப்பையால் நீரை அள்ளி மேலிருந்து ஊற்றுவேன். நீர் கலங்கினால் காற்றிலுள்ள ஒட்சிசன் அதிற் கரையும் என்று படித்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் முறைவைத்து ஊற்றினர். ஒரு மீனும் சாகவில்லை. அந்நாட்களிற்றான் செடிகளுக்கு ஒளி வேண்டுமென்று எண்ணி, தொட்டியை மேற்குச் சாளரத்தருகே நகர்த்தினோம். மின்சாரம் சீரான பின்னரும் தொட்டி அவ்விடத்திலேயே இருந்தது. மாலை வெயில் நாள்தோறும் அதன்மீது விழுந்தது. மீன்களோ தப்பிப் பிழைத்த பிள்ளைகள். ஆகையால் நான் அள்ளியள்ளி உணவிட்டேன்.

முதலில் கண்ணாடியிற் பச்சைப் புள்ளிகள் தோன்றின. பின்னர் நூல்போன்ற பாசி. இறுதியில் வந்தது கரும்பாசி. இலைகளின் ஓரமெங்கும் தாடிமயிர்போல் முளைத்தது. பழைய பற்தூரிகையால் தேய்த்தேன், போகவில்லை. இலையைக் கிள்ளினேன்; அடுத்த இலையில் ஏறிற்று.

ஞாயிறுதோறும் அண்ணா காணொளியில் அழைப்பார். தொட்டியைக் காட்டச் சொல்வார். சுத்தமாயிருந்த இடதுமூலையை மட்டும் நான் காட்டுவேன். “வடிவா இருக்கு” என்பார். ஒரு நாளா இரு நாளா, ஏறத்தாழ ஓராண்டு அந்த மூலையை வைத்தே அவரை ஏமாற்றினேன்.

2024 இல், பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிற் பயிலும்போது, பாசிகொல்லி மருந்தொன்றை வாங்கினேன். செப்புக் கலந்தது. குறித்த அளவு போதாதென்று இருமடங்கு ஊற்றினேன். மறுநாட் காலையில் ஐந்து மீன்கள் மிதந்தன. மென்னீரில் செப்பின் நஞ்சு வீரியம் கூடும் என்பதையும், பாசி ஒருசேர இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும் என்பதையும் பின்னரே அறிந்தேன். பதின்மூன்று மணித்தியால இருளில் கோப்பையால் ஊற்றிக் காப்பாற்றியவற்றை ஒரு மூடி மருந்தினாற் கொன்றேன். அடுத்த கிழமை செடிகளும் கண்ணாடிபோல் வெளிறிக் கரைந்தன.

என் வகுப்புத் தோழியின் பாட்டனார் கொட்டாஞ்சேனையில், புனித லூசியா பேராலயத்துக்கு அப்பாலுள்ள ஒழுங்கையொன்றில், நெடுங்காலமாக மீன் வளர்ப்பவர். கரும்பாசி படிந்த இலையொன்றை நீரோடு போத்தலிலிட்டு அவரிடம் கொண்டு சென்றேன். அவர் அதைக் கிண்ணத்திலிட்டு, மருந்துக்கடை ஸ்பிரிட்டை அதன்மேல் ஊற்றினார். நாங்கள் தேநீர் அருந்தியபடி காத்திருக்க, சற்று நேரத்திற் கருமை கரைந்து இலையோரம் செந்நிறமாயிற்று.

“பாத்தீங்களா மகள், இது செம்பாசி. பச்சை கரைஞ்சா உள்ள இருக்கிற சிவப்புத் தெரியும்” என்றார். பின்னர், தொட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு உணவு, நீர் எப்போது மாற்றுவது என வினவினார். விடை கூறக்கூற எனக்கே வழக்கு விளங்கிற்று. மருந்தைப்பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. “செடி செத்திருக்காது. கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும். கிண்டிப் பாக்காதீங்க” என்றார். அந்தக் கடைசி எச்சரிக்கை என் குணமறிந்து கூறியதுபோலிருந்தது.

அவர் விதித்தவை எளியவை, சலிப்பூட்டுபவை. தொட்டியை வெயிலிலிருந்து அகற்றினோம். விளக்கு ஆறு மணித்தியாலம். உணவு இரு நிமிடத்தில் தின்று தீருமளவு. கிழமைதோறும் மூன்றிலொரு பங்கு நீர் மாற்றம். குளோரின் நீங்குவதற்காக முதல்நாளே வாளியிற் பிடித்து வைத்த குழாய் நீர். பாசியேறிய முதிர் இலைகளை அடியோடு வெட்டுதல். விரைந்து வளரும் செடிகள் சிலவற்றையும் அவரே தந்தார். மீனின் கழிவும் எஞ்சிய உணவும் நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் நீரிற் சேர்கின்றன. அவற்றைச் செடி உண்ணாவிட்டால் பாசி உண்ணும். இவ்வளவுதான் செய்தி. ஆனால் இதற்கு மாதங்கள் வேண்டும். மருந்துக்கோ ஒரு நிமிடம் போதும்.

விரிவுரை இல்லாத பிற்பகல்களிற் கங்காராமையருகே பேர வாவிக் கரையில் நடப்பதுண்டு. அந்நீரின் பச்சையை முன்பெல்லாம் அதன் இயல்பான நிறமென்றே எண்ணியிருந்தேன். அது நீலப்பச்சைப் பாசியின் நிறம். நகரத்தின் கழிவுநீர் பல தசாப்தங்களாக அதற்கு உணவிட்டு வந்திருக்கிறது. நம் பாடநூல்கள் இதனை நற்போசணையாக்கம் என்னும். எத்துணை நல்ல பெயர்! வாவியைச் சீராக்கும் முயற்சி குறித்துப் பத்திரிகையிற் படிக்கும்போதெல்லாம், என்ன ஊற்றப் போகிறார்கள் என்பதைவிட எதை உள்ளே வராமல் தடுக்கப் போகிறார்கள் என்றே இப்போது தேடுகிறேன்.

மூன்றாம் மாதத்தில், வெறும் மணலென்றிருந்த இடத்தில் கபில நிறத்தில் ஓர் இலை சுருளவிழ்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணா அழைத்தபோது, தொலைபேசியை இடதுமூலையிலிருந்து மெல்ல வலப்புறம் கொண்டு சென்றேன். அடிக்கட்டையில் இன்னும் ஒட்டியிருந்த கருந்தாடியையும் காட்டினேன். இரண்டு மீன்கள் முன்னே வந்து நின்றன. அண்ணா சிறிது நேரம் பேசவில்லை.

“மற்றது எங்க?” என்றார்.

சொன்னேன். மருந்தின் அளவையும் சொன்னேன், மூலையைப்பற்றியும் சொன்னேன்.

“மூலை எனக்குத் தெரியும்” என்றார் அண்ணா. “ஒவ்வொரு கிழமையும் அதே கல்லைத்தானே காட்டினனீ.”